சாக்ஸில் தைத்த பெயர்: பள்ளிக்கூடப் படகிலிருந்து எவரெஸ்ட்டுக்குப் போன சாண்டி இர்வின்

2024 செப்டம்பர். எவரெஸ்ட்டின் வடக்குப் பக்கம், திபெத் எல்லைக்குள் இருக்கும் மத்திய ரோங்புக் பனியாறு. அங்கே நேஷனல் ஜியோகிராபிக் குழு ஒன்று நடந்துகொண்டிருந்தது. உருகும் பனிக்குள் பழங்காலத் தோல் பூட் ஒன்று தெரிந்தது. அதற்குள் ஒரு கால் பாதமும் கம்பளி சாக்ஸும் இருந்தன. சாக்ஸில் சின்னத் துணிப்பட்டை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த பெயர் ஏ.சி.இர்வின்.

ஹாஸ்டலில் படித்தவர்களுக்கு இந்தப் பட்டை என்னன்னு உடனே புரியும். சலவைக்குப் போகும் துணி மாறிப்போகாமல் இருக்க அம்மா உட்கார்ந்து பெயர் தைத்துக் கொடுப்பாங்க, இல்லைன்னா மார்க்கரில் எழுதுவாங்க. நூறு வருஷமாகக் காணாமல்போன ஒரு மனிதரை அடையாளம் காட்டியது இப்படி ஒரு சமாசாரம்தான். டி.என்.ஏ சோதனைக்கு மாதிரி கொடுக்க அவருடைய குடும்பத்தினர் முன்வந்தார்கள்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், பெரும்பாலும் ஜார்ஜ் மல்லோரியோடு சேர்த்துத்தான் கேட்டிருப்பீர்கள். 1924-ல் எவரெஸ்ட்டின் உச்சிக்குப் பக்கத்தில் காணாமல்போன இருவரில், எல்லாப் புத்தகத்திலும் முதல் பெயர் மல்லோரி. இரண்டாவது பெயர் இர்வின். கூடப் போன பையன், அனுபவமே இல்லாதவன் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. 22 வயதில், பெரிய மலை எதையும் ஏறிப் பழகாத ஒருவரை உலகின் உயரமான மலைக்கு ஏன் கூட்டிப்போனார்கள்? பதில் தேடினால் இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் ரோயிங் கிளப்.

ஆண்ட்ரூ காமின் இர்வின் பிறந்தது 1902 ஏப்ரல் 8. ஊர் பர்க்கன்ஹெட். மெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிவர்பூல், இந்தப் பக்கம் பர்க்கன்ஹெட். வீட்டில் மொத்தம் ஆறு பிள்ளைகள். வெளிர் மஞ்சள் தலைமுடி என்பதால் எல்லோருக்கும் அவர் சாண்டி. உள்ளூர்ப் பள்ளியில் படித்துவிட்டு, ஷ்ரூஸ்பரி ஸ்கூலுக்குப் போனார்.

இந்த ஸ்கூல் 1552-ல் தொடங்கப்பட்டது. சார்லஸ் டார்வின் படித்ததும் இங்கேதான். ஷ்ரூஸ்பரி ஊரைச் செவர்ன் நதி கிட்டத்தட்ட ஒரு வளையம் மாதிரி சுற்றிக்கொண்டு போகும். 1882-ல் பள்ளியை ஊருக்குள்ளிருந்து ஆற்றின் மறுகரை மேட்டுக்கு மாற்றினார்கள். மேலே வகுப்பறை, சரிவில் இறங்கினால் படகுத்துறை. இப்படி ஓர் இடம் கிடைத்த பிறகு பசங்க கிரிக்கெட்டோடு நிற்பாங்களா? ராயல் ஷ்ரூஸ்பரி ஸ்கூல் போட் கிளப்புக்குப் பள்ளியில் ஒரு தனி மரியாதை. விடுதிகளுக்கு இடையே ஒரு விநோதமான ரேஸ் நடக்கும். ஆறு குறுகல், படகுகள் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுக் கிளம்பும். முன்னால் போகிற படகைத் துரத்திப்போய் முட்ட வேண்டும், பின்னால் வருகிற படகு உங்களை முட்டுவதற்குள்!

ரோயிங் பற்றி உங்களுக்குப் பழக்கம் இல்லைன்னா ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எட்டுப் பேர் படகில் ஆளுக்கு ஒரு துடுப்பு. எட்டுப் பேருமே படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முதுகு மட்டும்தான். பாதையைப் பார்ப்பவர் ஒன்பதாவது ஆளான காக்ஸ். சுக்கானைப் பிடிப்பது, வேகத்தைக் கூட்டச் சொல்வது, நிறுத்தச் சொல்வது எல்லாமே அவர்தான். எட்டுப் பேரின் வேலை, எதிரே இருக்கும் முதுகு முன்னும் பின்னும் போகும் தாளத்தை ஒரு நொடிகூடத் தவறவிடாமல் இருப்பது. நுரையீரல் எரிந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. ஒருவர் நிறுத்தினால் அவருடைய துடுப்பு தண்ணீரில் சிக்கி மொத்தப் படகும் தடுமாறும்.

சாண்டிக்கு இது உடம்போடு ஒட்டிக்கொண்டது. அகலமான தோள்கள், அலுக்காத உடம்பு. படிப்பில் பெரிய புலி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் போதும். முதல் உலகப் போர் நடக்கும்போது இவர் ஸ்கூல் பையன். ஓடும் விமானத்தின் புரொப்பல்லர் இறக்கைகளில் படாமல் அதன் நடுவே இயந்திரத் துப்பாக்கி சுடுவதற்கு ஒரு கருவியையும், விமானம் ஆடாமல் நிற்க இன்னொரு கருவியையும் வரைந்து போர் அமைச்சகத்துக்கே அனுப்பியிருக்கிறார். அந்த வயதில் நாமெல்லாம் ரெக்கார்டு நோட்டில் படம் வரையவே பக்கத்து பெஞ்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போர் நடந்த நான்கு வருஷமும் ஹென்லி ரெகாட்டா நடக்கவில்லை. தேம்ஸ் நதியில் நடக்கும் இந்தப் படகுத் திருவிழாதான் ரோயிங் ஆட்களுக்கு மெக்கா. அதில் துடுப்பு போட வேண்டிய வயதுக்காரர்கள் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். நிறைய பேர் திரும்பி வரவில்லை. 1919 ஜூலையில், போர் முடிந்ததைக் கொண்டாட ஹென்லியில் ‘பீஸ் ரெகாட்டா’ என்று ஒன்றை நடத்தினார்கள். ராணுவக் குழுக்களுக்கு ஒரு கோப்பை, அதை ஆஸ்திரேலியப் படை ஜெயித்தது. பள்ளிக்கூடங்களுக்கு எல்செனம் கப் என்று தனிப் போட்டி. சுமார் 2.1 கிலோமீட்டர் தூரம். ஷ்ரூஸ்பரியின் எட்டுப் பேர் படகு கோப்பையைத் தூக்கியது. அந்தப் படகில் 17 வயது சாண்டி இருந்தார். பள்ளி ரோயிங் வட்டாரத்தில் அவர் பெயர் பரவியது அப்போதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. அந்தக் கால ஹென்லியில் யார் வேண்டுமானாலும் துடுப்பு போட முடியாது. கூலி வாங்கிக் கையால் வேலை செய்பவர், மெக்கானிக், கைவினைஞர் என்றால் அமெச்சூர் இல்லை என்று விதியே இருந்தது. 1937-ல்தான் அதைக் கைவிட்டார்கள். கையெல்லாம் கிரீஸோடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த சாண்டிக்குத் தடை இல்லை, ஏன்னா அவர் அதைச் சம்பளத்துக்குச் செய்யவில்லை. அதே வேலையை வயிற்றுக்காகச் செய்த ஒரு பர்க்கன்ஹெட் பையன் எவ்வளவு நல்லா துடுப்பு போட்டாலும் கரையில் நின்று கைதட்டியிருக்க வேண்டியதுதான். சாண்டியின் திறமை நிஜம். அந்தத் திறமைக்குத் திறந்த கதவுகள் எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதும் நிஜம்.

அந்த மோட்டார் சைக்கிளையும் பார்த்துவிடலாம். அதே 1919-ல் வேல்ஸில் ஃபோல் கிராக் என்ற மலை மேல் சாண்டி பைக்கை ஓட்டிக்கொண்டே ஏறிவிட்டார். 3,000 அடிக்கு மேல் உயரம், ரோடு கிடையாது. உச்சிப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பதி, இந்தச் சத்தத்தைக் கேட்டு மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். கணவர் பெயர் நோயல் ஓடெல். நிலவியலாளர், மலையேற்றக்காரர். இந்த ஓடெல் இன்னும் இரண்டு முறை இந்தக் கதைக்குள் வருவார்.

எதிரே ஒரு முதுகு

ரோயிங் புகழோடு சாண்டி ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் காலேஜுக்குள் நுழைந்தார். ஆக்ஸ்போர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி என்பது அங்கே நம்ம ஊர் ஐபிஎல் ஃபைனல் மாதிரி. லண்டன் தேம்ஸில் சுமார் 6.8 கிலோமீட்டர். 1922-ல் சாண்டி ஆக்ஸ்போர்டு படகில் இருந்தார். தோல்வி. 1923-லும் இருந்தார். முக்கால் படகு நீளத்தில் வெற்றி. அந்த ஒரு வெற்றியின் மதிப்பு அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரிசையாக 13 வருஷம் ஜெயித்தது. 1913-க்கும் 1937-க்கும் நடுவில் ஆக்ஸ்போர்டுக்குக் கிடைத்த ஒரே வெற்றி, சாண்டி இருந்த அந்தப் படகுக்குத்தான்.

அந்தக் கோடையில் மெர்ட்டன் காலேஜ் ஆர்க்டிக் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தது. வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு. குளிரில் பனிச்சறுக்கு வண்டிகளை இழுக்கத் தெம்பான, புலம்பாத ஆட்கள் வேண்டும். ரோயிங் பசங்களைவிட யார் பொருத்தம்? சாண்டி கிளம்பினார். அந்தப் பயணத்தில் நிலவியலாளராக வந்தவர் ஓடெல். வேல்ஸ் மலையில் பைக்கில் வந்த பையன் இவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாள் முழுக்க வண்டி இழுத்துவிட்டு, ராத்திரி உடைந்த சாமானைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகத்தோடு இருந்த இவரைப் பார்த்த ஓடெல், எவரெஸ்ட் குழுவுக்குச் சிபாரிசு செய்தார்.

தனிப்பட்ட வாழ்க்கையில் அந்த வருஷம் ஒரு புயல். ஷ்ரூஸ்பரி காலத்து உயிர் நண்பனின் அப்பா, வயதில் மிகவும் இளைய ஒரு நாடக நடனக் கலைஞரை இரண்டாவதாகக் கல்யாணம் செய்திருந்தார். சாண்டி அவரோடு காதலில் விழுந்தார். ஊரே பேசியது. எவரெஸ்ட் போனதே இதிலிருந்து தப்பிக்கத்தான் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. 21 வயதில் எவரெஸ்ட் அழைப்பு வந்தால், தப்பிக்க எதுவும் இல்லாதவர்கூடத்தான் கிளம்பியிருப்பார்.

1924 பிப்ரவரி 29. லிவர்பூலிலிருந்து கப்பல் புறப்பட்டது, அவர் பிறந்த ஊரை ஆற்றின் எதிர்க்கரையில் விட்டுவிட்டு. அதே கப்பலில் மல்லோரி. வயது 37. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர், மூன்று குழந்தைகளின் அப்பா, ஏற்கெனவே இரண்டு முறை எவரெஸ்ட் போய்த் திரும்பியவர். பலர் கவனிக்காத ஒரு தகவல், மல்லோரியும் ரோயிங் ஆள்தான். கேம்பிரிட்ஜில் மாடலின் காலேஜ் படகுக் குழுவுக்குக் கேப்டனாக இருந்திருக்கிறார். 15 வயது வித்தியாசம் இருந்த இருவருக்கும் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பம்பாயில் இறங்கி, ரயிலில் இந்தியாவைக் குறுக்கே கடந்து, டார்ஜிலிங். அங்கிருந்து திபெத் வழியாக வாரக்கணக்கில் நடை. குழு கொண்டுபோன ஆக்ஸிஜன் கருவிகள் படுமோசமான நிலையில் இருந்தன. பல சிலிண்டர்கள் கசிந்தன, குழாய்கள் உடைந்தன. சாண்டி ஒவ்வொரு முகாமிலும் டூல் பாக்ஸோடு உட்கார்ந்தார். வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து, குழாய்களை மாற்றிப் பொருத்தி, எடையைக் குறைத்து, புதுக் கருவி மாதிரியே ஆக்கினார். கயிற்றால் ஏணி செய்தார், அடுப்பைச் சரிசெய்தார். மூத்தவர்கள் தங்கள் கடிகாரம், கேமரா, டார்ச் எல்லாவற்றையும் அவர் கூடாரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் அவருக்கே ஆக்ஸிஜன் பிடிக்காது. ஆக்ஸிஜனோடு உச்சிக்குப் போவதைவிட, அது இல்லாமல் கடைசிக் கூம்பின் அடிவாரம் வரை போவதே மேல் என்று நினைத்த ஆள் அவர்.

மலை யாருக்கும் சுலபமாக இல்லை. பனிப்புயல்களில் முகாம்களைக் காலி செய்து இறங்க வேண்டியிருந்தது. ஷம்ஷெர்புன், மன் பகதூர் என்ற இரண்டு பணியாளர்கள் இறந்துபோனார்கள். 1922 பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்திருந்தார்கள். எவரெஸ்ட் கதைகளில் இந்தப் பெயர்கள் மட்டும் ஏனோ சீக்கிரம் மறைந்துவிடுகின்றன.

அந்த 12.50 மணி

ஜூன் 4. எட்வர்ட் நார்ட்டனும் ஹோவர்ட் சோமர்வெல்லும் ஆக்ஸிஜன் இல்லாமல் முயன்றார்கள். நார்ட்டன் 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். பனியில் கண்பார்வை பாதிக்கப்பட்டது. சோமர்வெல்லுக்குத் தொண்டை உள்தோல் குளிரில் செத்துப்போய் மூச்சுக்குழாயை அடைத்து, கிட்டத்தட்ட உயிரே போயிருக்கும். தன் நெஞ்சைத் தானே அழுத்தி அதை இருமித் துப்பித்தான் பிழைத்தார்.

இந்த சோமர்வெல் நம்ம ஊர்க்காரர் என்று உரிமையோடு சொல்லலாம். 1922-ல் எவரெஸ்ட்டிலிருந்து திரும்பியபோது இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்ற நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து மனசு மாறி, லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே டாக்டராகத் தங்கிவிட்டார். அப்போது திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1924-ல் அவர் எவரெஸ்ட்டுக்குப் போனதும் நெய்யூரிலிருந்துதான்.

கடைசி முயற்சிக்கு மல்லோரி யாரைக் கூட்டிப்போவார்? மலையில் கைதேர்ந்தவர், உயரத்துக்கு உடம்பு நன்றாகப் பழகியவர் ஓடெல். அவரைத்தான் எடுப்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். மல்லோரி சாண்டியை எடுத்தார். இது சரியா தப்பா என்று நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. ஆக்ஸிஜன் கருவி நடுவழியில் கெட்டால் சரிசெய்ய ஒரே ஆள் சாண்டிதான் என்பது ஒரு காரணம். என்னுடைய ஊகம், இன்னொன்றும் இருக்கலாம். தான் முன்னால் போகும்போது பின்னால் தாளம் தப்பாமல் வருகிற ஆள் யார் என்பது ஒரு பழைய படகுக் கேப்டனுக்குத் தெரிந்திருக்கும்.

அதில்தான் எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசைகிறது. எதிரே இருக்கும் முதுகை நம்பு, வலித்தாலும் நிறுத்தாதே, மொத்தக் குழுவையும் கைவிடாதே. ஷ்ரூஸ்பரி ஆற்றில் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம்தான் அவரை ஆக்ஸ்போர்டுக்கும் ஆர்க்டிக்குக்கும் எவரெஸ்ட்டுக்கும் கொண்டுவந்தது. ஆனால் படகில் நிறுத்தச் சொல்ல ஒரு காக்ஸ் உண்டு. மலையில் இருவர் மட்டும்தான். முன்னால் போகிறவருக்கு இது மூன்றாவது பயணம், திரும்பிப்போக மனசே இல்லை. பின்னால் வருகிற 22 வயதுக்காரர் இதுவரை எந்தப் படகிலும் துடுப்பை நிறுத்தியது இல்லை. போதும், திரும்பலாம் என்று யார் சொல்வது?

ஜூன் 5 ராத்திரி சாண்டி டைரி எழுதினார். வெயிலிலும் காற்றிலும் முகத்தோல் வெந்து உரிந்து தாங்க முடியாத வலி என்றும், காலைக்காக இரண்டு ஆக்ஸிஜன் கருவிகளைத் தயார்செய்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அதுதான் கடைசிப் பக்கம். அந்த டைரி இன்றும் மெர்ட்டன் காலேஜ் நூலகத்தில் இருக்கிறது. மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள்.

ஜூன் 8. கீழே இருந்து தனியாக ஏறி வந்துகொண்டிருந்தார் ஓடெல். மதியம் 12.50. மேகம் சட்டென்று விலகியது. மலை முகட்டில் ஒரு கரும்புள்ளி நகர்ந்து ஒரு பாறைப் படியை நெருங்கியது. பின்னாலேயே இன்னொரு புள்ளி. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு இருவரையும் உயிரோடு யாரும் பார்க்கவில்லை. ஓடெல் ஆக்ஸிஜன் இல்லாமல் 8,000 மீட்டருக்கு மேல் இரண்டு முறை ஏறித் தேடினார். ஒன்றும் இல்லை. கீழே தொலைநோக்கியோடு காத்திருந்தவர்களுக்குத் தகவல் சொல்ல, பனியில் போர்வைகளைச் சிலுவை வடிவத்தில் விரித்து வைத்தார்கள். அர்த்தம், இருவரும் இறந்துவிட்டார்கள்.

பர்க்கன்ஹெட் வீட்டுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தபோது ஜூன் மாசம் பாதி கடந்திருந்தது. அடுத்து வந்த ஹென்லியில் ஷ்ரூஸ்பரி ஸ்கூல் எட்டுப் பேர் படகு லேடீஸ் பிளேட்டை ஜெயித்தது. பெயர்தான் லேடீஸ், துடுப்பு போட்டது ஆண்கள் மட்டுமே. காலேஜ் குழுக்களும் மோதும் போட்டியில் ஒரு பள்ளிக்கூடம் ஜெயிப்பது சின்ன விஷயம் இல்லை. ஐந்து வருஷம் முன்னால் அதே தண்ணீரில் அதே பள்ளிக்காகத் துடுப்பு போட்டவர் இறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்த கிளப் இன்றும் செவர்னில் இருக்கிறது. 2007-ல் ஹென்லியில் பள்ளிகளுக்கான பிரின்சஸ் எலிசபெத் கோப்பையை ஜெயித்தார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் அங்கே துடுப்பு போடுகிறார்கள்.

மலை தன்னிடம் இருந்ததை மெதுவாகத்தான் திருப்பிக் கொடுத்தது. 1933-ல் முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கோடரி கிடைத்தது. பிடியில் இருந்த கீறல் அடையாளங்களை வைத்து அது சாண்டியுடையது என்று முடிவுசெய்தார்கள். 1999-ல் 8,155 மீட்டர் உயரத்தில் மல்லோரியின் உடல். இடுப்பில் அறுந்த கயிறு, உடம்பில் கயிறு இழுத்து அழுந்திய காயம். விழுந்த நேரத்தில் இருவரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தார்கள் என்று இதிலிருந்து கணிக்கிறார்கள். அதாவது ஒருவர் கால் நழுவியபோது இன்னொருவர் கையை விடவில்லை, அல்லது விட முடியவில்லை. பிறகு 2024-ல் அந்த பூட்டும் சாக்ஸும்.

உச்சியைத் தொட்டார்களா? அதற்கான ஆதாரம் இருந்தால், அது ஒரு சின்ன கோடாக் கேமராவுக்குள் இருக்கும். மல்லோரி தன் கேமராவை எடுத்துவர மறந்துவிட்டதால், கீழே இறங்கி வந்த சோமர்வெல் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பினார். மல்லோரி உடலில் அது இல்லை. அதனால் சாண்டியிடம் இருந்திருக்கலாம் என்பது தேடுபவர்களின் நம்பிக்கை. அத்தனை வருஷக் குளிரில் ஃபிலிம் கெடாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு என்கிறார்கள்.

சோமர்வெல் அந்த வருஷமே நெய்யூருக்குத் திரும்பிவிட்டார். அங்கே பல வருஷம் ஆபரேஷன் செய்தார், பிறகு வேலூர் சி.எம்.சி-யில் பாடம் எடுத்தார். அவருடைய கேமரா இன்னும் கிடைக்கவில்லை.